வாசித்தவர் யார்?

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்தின் பொங்கல் விழா நடைபெற்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோலப் போட்டியும், சிறுவர்களின் திருக்குறள் ஒப்புவித்தலும், பெண்டிரின் கும்மியும் முடிந்த பின்னர், கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் மடிக்கணினியுடன் மேடையேறி ஒரு பொத்தானை அழுத்தினார். அடுத்த நான்கு நிமிடங்கள் மண்டபம் அதிர்ந்தது. டிரம் ஒலி பாய்ந்தும், தாவியும், சிதறியும், மீண்டும் ஒன்றுகூடியும் ஓடிற்று. இளைஞர்கள் எழுந்து ஆடினார்கள். மூத்தோர் சிலர் செவிகளைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த, மிருதங்கம் பயின்ற பெரியவர் ஒருவர் மட்டும் கண்ணை மூடித் தொடையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒலி அடங்கியதும் அவர் கேட்டார்:

"கணக்கு நன்றாக இருக்கிறது, தம்பி. வாசித்தவர் யார்?"

"நான்தான், தாத்தா."

"நீ பொத்தானை அல்லவா அழுத்தினாய்? அடித்த கை யாருடையது என்று கேட்கிறேன்."

தம்பிக்கு விடை தெரியவில்லை. மண்டபத்தில் இருந்த நமக்கும் தெரியவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே சர்க்கரைப் பொங்கல் வாங்கப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. ஆதலின் இம்மாதம் இப்பகுதியை அக்கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்த ஞாயிறன்று செம்பூரில் உள்ள தம்பியின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய அன்னையார் காப்பி கொடுத்து உபசரித்தார். கூடவே தம் மனக்குறையையும் சொன்னார். "இரவெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே சத்தத்தை வெட்டிக்கொண்டிருக்கிறான், ஐயா. கேட்டால், ஏழு விநாடிச் சத்தத்துக்கு ஏழு வாரம் ஆகும் என்கிறான். இதுவும் ஒரு சங்கீதமா? நீங்களாவது சொல்லுங்கள்."

சொல்வதற்கு முன் கற்றுக்கொள்வது முறையன்றோ? நாம் தம்பியின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

மேடையில் நாம் கேட்ட அத்தனையும், தொடக்கத்தில் ஏறத்தாழ ஏழு விநாடி நீளமுள்ள ஒரே ஒரு டிரம் வாசிப்பு. ஒரு பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தை மேல்நாட்டார் 'பிரேக்' என்பர். நம் கச்சேரியில் பாடகர் ஓய்ந்திருக்க மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனத்தை இதற்கு ஒருவாறு உவமை கூறலாம். ஆனால் தனி ஆவர்த்தனம் கால்மணி நேரமும் நடக்கும். இந்தப் பிரேக்கோ நான்கு தாள வட்டங்களில், பதினாறு எண்ணிக்கைகளில் முடிந்துவிடுகிறது.

கணினித் திரையில் அவ்வொலி ஒரு மலைத்தொடரைப் போல் தெரிகிறது. ஒவ்வோர் அடியும் ஒரு சிகரம். சிகரத்துக்குச் சிகரம் கத்தி போட்டு, தம்பி அந்த ஏழு விநாடிகளை முப்பத்திரண்டு துண்டுகளாக நறுக்குகிறார். ஒரு துண்டின் நீளம் கால் விநாடிக்கும் குறைவு. கண்ட இடத்தில் வெட்டிவிடவும் முடியாது. ஒலியின் அலை மேலும் கீழும் அசையும்போது நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டவேண்டும். தவறினால் ஒவ்வொரு துண்டின் முனையிலும் 'டிக்' என்று முள்போல் ஓர் ஓசை குத்தும். வெட்டிய துண்டுகளை விசைப்பலகையின் கட்டைகளுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளித்துவிட்டால், காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம் ஒரு விரலுக்கும், 'ஸ்நேர்' எனும் சிறிய டிரமின் சுளீரென்ற அடி இன்னொரு விரலுக்கும், வெண்கலத் தட்டின் ஓசை வேறொரு விரலுக்கும் வசப்படுகிறது. அதன்பின் பூத்தொடுப்பவர் கூடையிலிருந்து மலரெடுப்பதுபோல் துண்டுகளை எடுத்துப் புதிய வரிசையில் கோக்கலாம். ஒன்றைத் தலைகீழாக ஓடவிடலாம். ஒன்றை எட்டு முறை அடுக்கலாம். ஓரிடத்தை வெறுமையாக விடலாம்.

வேகத்தைக் கூட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூல வாசிப்பு நிமிடத்துக்குச் சுமார் 136 எண்ணிக்கை வேகம் உடையது. தம்பி அமைத்த இசையின் வேகம் 170. அதாவது மூலத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு. ஒலிப்பதிவை ஒன்றேகால் மடங்கு விரைவாக ஓட்டினால், சுருதியும் அதே அளவில் உயர்ந்துவிடும். ஷட்ஜத்தில் நின்ற ஒலி அந்தர காந்தாரத்துக்கு ஏறிவிடும் என்றால் நம் சங்கீத ரஸிகர்களுக்கு எளிதில் விளங்கும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வழியும் கணினியில் இருக்கிறது. எனினும் உயர்ந்த சுருதியின் பரபரப்பையே பலர் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள்.

தம்பி இன்னொன்றையும் செய்து காட்டினார். மனிதர் கை அடிக்கும் அடி கடிகாரத்தைப்போல் விழுவதில்லை. மயிரிழை முந்தும், மயிரிழை பிந்தும். கணினிக்கு ஒரு கட்டளையிட்டால் அத்தனை அடிகளையும் கோடு கிழித்த இடத்தில் பிசகாமல் நிறுத்திவிடும். அப்படி நிறுத்திப் போட்டுக் காட்டினார். குற்றமே இல்லை, ஆனால் உயிரும் இல்லை. சமையலறையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: "முதலில் போட்டதே நன்றாக இருந்ததடா!"

தாயும் மகனும் ஒரே கட்சி என்பதை இருவருமே அறியவில்லை. இது சங்கீதமா என்ற அன்னையாரின் வினாவுக்கு அவரே விடையளித்துவிட்டார் என்று கருதி நாம் காப்பியைப் பருகினோம்.

இனிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். அந்தக் கை யாருடையது?

தம்பிக்கு அவ்வொலித் துண்டின் பெயர் தெரிந்திருந்தது. 'ஆமென் பிரேக்' என்று உலகெங்கும் அதனை அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்றொரு குழுவினர் 1969ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். அதன் முன்பக்கப் பாட்டு 'கலர் ஹிம் ஃபாதர்'. மாற்றாந்தந்தை ஒருவரின் அன்பைப் பாடிய அப்பாட்டு பெரும் வெற்றி பெற்றது. அதனை இயற்றிய குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்ஸருக்குக் கிராமி விருதையும் ஈட்டித் தந்தது. இசைத்தட்டு என்றால் பின்பக்கமும் இருக்கவேண்டுமே! அதனை நிரப்புவதற்காக, தேவாலயப் பாட்டொன்றைத் தழுவி, வாய்ப்பாட்டு இல்லாமல் வாத்தியங்களால் மட்டும் அவர்கள் வாசித்து வைத்தது 'ஆமென், பிரதர்'. அதன் நடுவே டிரம் வாசிப்பவர் தனித்து நான்கு வட்டங்கள் அடித்தார். முதல் இரண்டு வட்டங்கள் ஒன்றுபோலவே செல்கின்றன. மூன்றாவதில் ஓர் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாமல் சற்றுப் பிந்தி விழுகிறது. நான்காவதில் தொடக்க எண்ணிக்கையே வெறுமையாக நிற்கிறது; பிறகு அடிகள் இடம் மாறி விழ, வெண்கலத் தட்டு முந்திக்கொண்டு முழங்குகிறது. கேட்பவன் ஒரு கணம் தடுமாறி மீள்கிறான். அந்தத் தடுமாற்றத்திலேதான் அதன் அழகு இருக்கிறது.

அவ்வாறு அடித்தவரின் பெயர் கிரகரி கோல்மன். ஜி. சி. கோல்மன் என்றும் குறிப்பிடுவர். அவருக்கு அது ஒரு நாள் வேலை. மறுநாள் மறந்திருக்கவும் கூடும்.

அந்த ஏழு விநாடிகள் எவ்வாறு உலகைச் சுற்றின என்பது நம்போன்ற குடிபெயர்ந்தோர் அறியவேண்டிய வரலாறு. ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரிலிருந்து 1967இல் தம் பன்னிரண்டாம் வயதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தவர் கிளைவ் கேம்ப்பெல் என்பவர். பின்னாளில் கூல் ஹெர்க் எனப் புகழ்பெற்றவர். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், அவருடைய தங்கை பள்ளிக்குப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காகத் தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடத்தினார். அண்ணன் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு முழுவதையும்விட டிரம் தனித்து ஒலிக்கும் இடம் வரும்போதே கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அவ்விடம் முடிந்ததும் மற்றொன்றில் தொடங்கி, சில விநாடி வாசிப்பைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையைக் கையாண்டார். ஒரு தங்கையின் பள்ளிச் சட்டைக்காக நடந்த அந்த விருந்தையே 'ஹிப் ஹாப்' இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுகிறார்கள்.

கை செய்ததைப் பின்னர்க் கருவி செய்யத் தொடங்கிற்று. 1986இல் 'ஆமென், பிரதர்' உள்ளிட்ட பழைய பாட்டுகளைத் திரட்டி, பிரேக்குகளைத் தேடுவோருக்கென்றே நியூயார்க்கில் ஓர் இசைத்தட்டு வரிசை வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'எஸ்பி 1200' என்னும் ஒலிப்பதிவுக் கருவி கடைக்கு வந்தது. விலை மிகுதி, கொள்ளளவோ மொத்தம் பத்து விநாடிகள் மட்டுமே. இல்லத்தரசியர் மாதக் கடைசியில் சர்க்கரையை நீட்டிப்பதுபோல், இளைஞர்கள் அந்தப் பத்து விநாடிகளை நீட்டிக்க வழி கண்டனர். மெதுவாகச் சுழலவேண்டிய இசைத்தட்டை வேகமாகச் சுழற்றிக் குறைந்த விநாடிகளில் பதிந்துகொண்டு, பின்னர்க் கருவியில் வேகத்தைக் குறைத்து வாசித்தார்கள். அதனால் ஒலியில் ஒருவகைக் கரகரப்பு ஏறிற்று. வறுமையால் வந்த அந்தக் கரகரப்பை இன்று வசதியுள்ளோரும் விரும்பிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அட்லாண்டிக் கடலைக் கடந்து ஏழு விநாடிகள் இங்கிலாந்தை அடைந்தன. 1948இல் 'எம்பயர் விண்டுரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது முதல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலர் அந்நாட்டில் குடியேறினர். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆடும் தம் ஊர் வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். அவர்களுடைய பிள்ளைகளும், அவர்களோடு ஒரே தெருவில் வளர்ந்த ஆங்கிலேயப் பிள்ளைகளும் 1990களின் தொடக்கத்தில் படுக்கையறைகளில் அமர்ந்து, அடாரி, அமிகா முதலிய மலிவான வீட்டுக் கணினிகளைக்கொண்டு ஆமென் பிரேக்கைத் துண்டாடினார்கள். அமிகாவில் ஒரே நேரத்தில் ஒலிப்பவை நான்கு வரிசைகளே. எண்களும் எழுத்துகளும் திரையில் மேலிருந்து கீழாக ஓட, ஒவ்வோர் அடியையும் தட்டச்சு செய்து அமைத்தார்கள். டிரம் அதிவேகமாக ஓடும்போது, அடியில் தந்தையர் நாட்டின் ரெக்கே இசையைப் போன்ற கனத்த ஒலி பாதி வேகத்தில் அசைந்து வந்தது. மேற்காலமும் கீழ்க்காலமும் ஒருங்கே நடக்கும் அவ்விசைக்கு 'ஜங்கிள்' என்று பெயர். பின்னர் அது 'டிரம் அண்டு பாஸ்' என வளர்ந்தது. அவ்வகையில் பிரிஸ்டல் நகரின் ரோனி சைஸ் குழுவினர் 1997இல் மெர்க்குரிப் பரிசு பெற்றனர். 1999இல் அதே பரிசு, தபலாவையும் இக்கணினித் தாளங்களையும் இணைத்த, இந்தியக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த தல்வின் சிங்குக்குக் கிடைத்தது.

பெற்றோரின் ஊர் ஒலியையும் பிறந்த ஊர் ஒலியையும் எவ்வாறு ஒருங்கே வைத்துக்கொள்வது என்பது புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் யாவருக்கும் உள்ள சிக்கல். அவர்கள் ஏசிக்கொண்டு இராமல் அதற்கு ஒரு தாளம் கண்டார்கள். இதனை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயின், போற்றுதலோடு கணக்கு முடியவில்லை.

இன்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கோல்மனின் கை ஒலிக்கிறது. அதற்காக அவருக்கு வந்து சேர்ந்த பணம் ஒன்றும் இல்லை. 2006ஆம் ஆண்டில், அட்லாண்டா நகரில், வீடின்றி வறுமையில் அவர் இறந்தார். தம் ஏழு விநாடிகள் உலகெங்கும் முழங்குவதை அவர் அறிந்திருக்கவே மாட்டார் என்று குழுத்தலைவர் ஸ்பென்ஸர் கருதினார். ஸ்பென்ஸருக்கே அச்செய்தி 1996இல்தான் எட்டியது. மூல ஒலிநாடாவை வாங்க விரும்பி இங்கிலாந்திலிருந்து ஒரு நிறுவனத்தார் அவரைத் தேடிவந்தபோது! அதற்குள் வழக்குத் தொடுப்பதற்குரிய காலவரையறை கடந்துவிட்டிருந்தது. 2015இல் இங்கிலாந்தின் இசைத்தட்டுச் சுழற்றுவோர் இருவர் முன்னின்று, அன்பர்களிடம் நன்கொடை திரட்டி, 24,000 பவுனை ஸ்பென்ஸரிடம் சேர்த்தார்கள். அவர் 2020இல் காலமானார். கடன் சிறிதேனும் தீர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அடித்த கைக்குரியவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டாரே!

கோல்மன் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் 'ஃபங்க்கி டிரம்மர்' என்ற பாட்டுக்கு 1969இல் வாசித்த கிளைடு ஸ்டபிள்ஃபீல்டும் இவ்வாறே எண்ணற்ற பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டார். 2017இல் மறையும்வரை அவற்றால் உரிமைத்தொகை பெற்றவரல்லர். காரணம் எளியது. மெட்டும் சொல்லும் அமைத்தவரைச் சட்டம் ஆசிரியர் என்கிறது. ஒலிநாடாவை வைத்திருப்பவரை உரிமையாளர் என்கிறது. தாளம் அடித்தவரைக் கூலியாள் என்று எண்ணிற்று. 1991இல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம், பிறர் ஒலிப்பதிவை அனுமதியின்றி எடுத்தாளுவது தவறு எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் அனுமதிக்குப் பணம் கட்டத் தொடங்கின. அப்பணமும் பெரும்பாலும் உரிமையாளர் வாயிலிலேயே நின்றுவிடும். டிரம் வாசித்தவர் வாயிலுக்குப் போவது அரிது.

இவ்வளவையும் கேட்ட தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் திருடினேனா, மாமா?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. கூறும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயம் எழுந்ததே காரணம்.

அன்பர்களே, நம் வீட்டுத் திருமணங்களை எண்ணிப் பாருங்கள். இந்நகரில் நாதஸ்வரக் குழு கிடைப்பது அரிது; கிடைத்தாலும் செலவு தாளாது. ஆகவே ஒலிப்பதிவைப் போட்டுத் தாலி கட்டுகிறோம். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று பெரியவர்கள் விரலை ஆட்ட, யாரோ ஒரு பையன் அலைபேசியில் பொத்தானை அழுத்த, தவில் இடியென எழுகிறது. அதுவும் சில விநாடிகளே. ஊரில் இசைத்தட்டாக இருந்து, ஒலிநாடாவாகி, குறுந்தகடாகி, இன்று அலைபேசிக்கு அலைபேசி தாவும் அந்தத் தவிலை அடித்தவர் யார்? நம் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கும் ஒலிநாடாவைத் தேடி எடுத்துப் பார்த்தோம். 'மங்கள இசை' என்று நம் எழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பெயர் இல்லை. இம்மண்டபத்தில் எத்தனையோ தம்பதியரை வாழ்த்திய கை அது. ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டவர் மிருதங்கப் பெரியவர் ஒருவரே. அவரும் தம்பியைத்தான் கேட்டார், நம்மைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாமும் அவ்வாறே விழித்து நின்றிருப்போம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் முன்னேறியிருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டபோது, வாசிப்போர், பாடுவோர் ஆகியோரின் நிகழ்ச்சிக்கும் தனி உரிமை அளிக்கப்பட்டது. 2012இல் வந்த திருத்தம், இதை நிகழ்த்தியவர் இன்னார் என்று பெயர் சுட்டப்படும் உரிமையையும் கலைஞருக்கு வழங்கியிருக்கிறது. சட்டம் சொன்ன பின்னும் செய்யாதிருப்பதற்கு நாம் என்ன சாக்குச் சொல்வது?

ஆகவே தம்பிக்கு நாம் அளித்த விடை இது: "எடுத்தாள்வது மட்டும் திருட்டு ஆகாது, தம்பி. வீட்டில் பயில்வதற்கு எடுத்தாய், உழைத்தாய், புதியதொன்று செய்தாய். ஆனால் விற்கப் புகுந்தால் அனுமதி பெறவேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் பெயரைச் சொல்லவேண்டும். 'நான்தான் வாசித்தேன்' என்று சொன்னாயே, அதுவே பிழை. 'அடித்தவர் கோல்மன், கோத்தவன் நான்' என்று சொல்லியிருந்தால் தாத்தா மகிழ்ந்திருப்பார்."

தம்பி அதனை ஏற்றுக்கொண்டார். சித்திரைப் புத்தாண்டு விழாவில் அவர் மீண்டும் மேடையேறுகிறார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு மேலே ஜி. சி. கோல்மன் பெயரும் அச்சாகும். அத்துடன், மிருதங்கப் பெரியவரின் இல்லத்துக்குச் சென்று, ஒரு சிறு மோராவை வாசிக்கச் செய்து, அவர் இசைவுடன் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். பெரியவர் பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம். ஒன்றே ஒன்று சொன்னாராம்: "எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள். தாளம் மட்டும் வெட்டுப்படக் கூடாது. என் குருநாதர் பெயரையும் சேர்த்துப் போடு."

இறுதியாக அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் இல்லத்துப் பரணில், பழைய பெட்டியில், மங்கள இசை ஒலிநாடாக்களின் அட்டைகள் இருக்கக்கூடும். அவற்றில் நாதஸ்வரம், தவில் வாசித்தோர் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தால், அன்புகூர்ந்து சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். நம்மிடம் உள்ள ஒலிநாடாவோடு ஒப்பிட்டுக் கேட்டு, இன்னார் என்று உறுதியானால், அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறியதும் மணமக்கள் பெயரோடு அவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுவோம். நெடுங்காலம் தாமதமாகிவிட்டது. எனினும் சொல்லுவோம்.